சிக்னல் சாமியும் கம்பியில்லாப் பேயும்

மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மரச்சாமான் கடையின் மாடியிலுள்ள வாடகைக் கூடத்தில் இருந்தவர்கள் விவரம் பின்வருமாறு.

முதல் வரிசையில், மெத்தை வைத்த நாற்காலிகளில்: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அவர் மனைவி, ஒரு பல் மருத்துவர், கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிற ஒருவர். கடைசியாகச் சொன்னவரை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள், நான் தவறாக எழுதவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து ஆறாவது வரிசை வரை, பிளாஸ்டிக் நாற்காலிகளில்: மருத்துவமனைச் சலவைக்கூடத்து ஆட்களாகிய நாங்கள் பதினேழு பேர், எங்கள் வீட்டார், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். எங்கள் மேற்பார்வையாளர் இரண்டாம் வரிசை ஓரம். என் மனைவி நான்காம் வரிசை. இடம் கிடைக்காதவர்கள் சுவரோரம், படிக்கட்டில், படிக்கட்டுக்குக் கீழே தெருவில். எதிரே மேடையில், மடியில் ஒரு மரப்பெட்டியோடு, சிக்னல் சாமி. அவருக்குப் பின்னால் ஊதா நிறத் திரை, திரையோரம் அவர் சீடர். திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஆகவே பட்டியலில் சேர்க்கவில்லை.

இத்தனை பேரும் சாமி கும்பிட வந்தவர்கள் அல்லர். போனுக்குப் பேய் ஓட்ட வந்தவர்கள்.

பேய் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்த வரலாறு எளிமையானது. இஸ்திரிக்காரர் அண்ணனுக்கு ஒரு நாள் அழைப்பு வந்தது. உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இப்போது வரும் ஆறு இலக்கத்தைச் சொன்னால் போதும் என்றது ஒரு குரல். அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். தப்பாகிவிடக் கூடாதே என்று இரண்டாவது முறையும் வாசித்தார். பத்து நிமிடத்தில், போனில் செய்தி அனுப்பும் அவருடைய கணக்கு வேறொருவர் கைக்குப் போனது. 'விபத்து, மருத்துவமனையில் கிடக்கிறேன், உடனே உதவுங்கள்' என்று அவர் பெயரில் உறவினர் அத்தனை பேருக்கும் செய்தி பறந்தது. மைத்துனர் அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தார். அண்ணன் அங்கேதான் இருந்தார், தலையணை உறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு.

'நான் ஏமாந்துவிட்டேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஏமாந்தேன் என்றால் ஊர் சிரிக்கும். பேய் அடித்தது என்றாலோ, வீட்டில் சூடாக ஏதாவது காய்ச்சிக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அண்ணன் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு யாருடைய கணக்கு பறிபோனாலும், யார் எந்த இணைப்பைத் தட்டி எதை இழந்தாலும், ஒரே விடைதான். கம்பியில்லாப் பேய்.

பேய் வந்தால் பேயோட்டி வராமல் இருப்பாரா? வந்தார்.

"காத்துல சிக்னல் மட்டுந்தான் போகுதுன்னு நெனச்சியா?" என்று கேட்பார் சாமி. "சிக்னல் மேல ஏறிக்கிட்டு எத்தனையோ போகுது. கம்பி இருந்த காலத்துல அதுங்களுக்குப் பிடிமானம் இருந்துச்சு. இப்ப இல்ல. அதான் உன் போனுக்குள்ள எறங்குது."

பல் மருத்துவர் தலையை ஆட்டுவார். கணினிப் பயிற்சிக்காரர் அவரைவிட வேகமாக ஆட்டுவார். கணினி சொல்லித்தருகிற நீங்களுமா என்று அவரிடம் நானே ஒரு நாள் கேட்டேன். அது பாடம், இது வேறு என்று சொல்லிவிட்டார்.

சிகிச்சை முறை இது. போனின் பூட்டைத் திறந்து சீடர் கையில் கொடுக்க வேண்டும். பூட்டின வீட்டுக்குள், பேய் அண்டாமல் காக்கும் கவசம் எப்படி நுழையும் என்று சாமி கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சீடர் போனைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். கால் மணி நேரம் சாம்பிராணிப் புகை வரும். நடுவில் போனுக்கு ஆறு இலக்க எண் ஏதாவது வந்தால் அது பேயின் பிறந்த நேரம். சீடர் கேட்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பேய் கட்டு அறுந்து ஓடும். பிறகு போன், முதுகில் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கரோடு திரும்பி வரும். காணிக்கை தனி. உலகத்தில் எந்தத் திருடனுக்கும் இப்படி ஒத்துழைக்கிற வீட்டுக்காரர்கள் வாய்த்திருக்க மாட்டார்கள். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சாவியையும் கையில் கொடுத்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

உட்கார்ந்திருந்தோம் என்றுதான் எழுதியிருக்கிறேன். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். சலவைக்கூடத்தின் கடிதங்களையெல்லாம் எழுதுகிறவன். அந்தக் கையாலேயே போனைத் திறந்து கொடுத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அற்புதங்கள் தொடங்கின. சாமி மரப்பெட்டியின் மூடியைத் தன் பக்கமாகத் திறந்து குனிந்து பார்ப்பார். பாய்லர்காரரிடம், உன் தங்கை இந்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வரமாட்டாள் என்றார். வங்கி மேலாளரின் மனைவியிடம், மகள் உன்னோடு கோபமாக இருக்கிறாள், காரணம் ஒரு புடவை என்றார். அந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுதார். எங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லி ஒரு முறைகூடப் பலித்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததையே சொன்னார். அதற்கே அழுதோம்.

எங்கள் சலவைக்கூடத்தில் அழாதவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி, மடிப்பு மேசையில் வேலை செய்கிற பெண். 'ரெண்டு பூட்டு' என்பது நாங்கள் வைத்த பெயர். சாப்பாட்டு இடைவேளையில் யாராவது போனை நீட்டினால், "ஒரு பூட்டு பத்தாதுண்ணே, ரெண்டாவது ரகசிய எண் ஒன்னு வைங்க" என்று சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் அதை வைக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள். வருகிற ஆறு இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பைத் தட்டாதீர்கள், திறந்த போனைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள் என்பாள். இதில் புகையும் இல்லை, திரையும் இல்லை, அழுவதற்கும் ஒன்றுமில்லை. யார் கேட்பார்கள்? சலவைக்கூடத்தின் பின்புறமுள்ள ஓர் அறையில், படுக்கையை விட்டு எழ முடியாத அம்மாவோடு இருந்தாள். அந்த அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும்.

இன்னொருவர் நம்பர் அக்கா. விரிப்பு, போர்வை, அங்கி எல்லாவற்றின் ஓரத்திலும் அழியாத மையால் வார்டு எண் போடுகிறவர். விரல்கள் எப்போதும் கறுப்பு.

அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் சாமி பெட்டிக்குள் வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் மேற்பார்வையாளரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"உன் கூரைக்குக் கீழ ஒரு பொண்ணு இருக்கா. எல்லார் போன்லயும் அவ வெரல் பட்டிருக்கு. பூட்டு போட்டுத் தர்றேன்னு சொல்லிச் சாவிய எடுத்து வச்சிக்கிட்டவ அவதான். அவ வழியாத்தான் அது உள்ள வருது. மாசம் பொறக்கறதுக்குள்ள அனுப்பிடு."

எங்கள் பெண்கள் சிலர் அதற்கு முந்தின வாரம்தான், 'ரெண்டு பூட்டு சாமியிடம் போக வேண்டாம் என்கிறாள்' என்று தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது சாமிக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இஸ்திரிக்காரர் மட்டும், தனக்கு அப்போதே தெரியும் என்றார்.

நான் நாட்குறிப்பு வைத்திருக்கிறவன். இஸ்திரிக்காரரின் கணக்கு பறிபோய் இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் பெண் வேலைக்கே சேர்ந்தாள் என்று தேதியோடு மேற்பார்வையாளரிடம் காட்டினேன்.

"பேய்க்கு ஏதுப்பா முன் தேதி, பின் தேதி?" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலையிலேயே மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டார். அடுத்த திங்களுக்குள் எழுத்தில் தரும்படி நிர்வாகம் கேட்டது. அறையைக் காலி செய்ய ஏற்பாடு செய்துகொள்ளுமாறு அவளிடம் சொல்லப்பட்டது.

அன்று மதியம் மடிப்பு மேசையில் அவள் விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள். நம்பர் அக்காவும் நானும் அருகில் போனோம்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் அக்கா," என்றாள். "போன்ல 'இணைச்ச கருவிகள்'னு ஒரு பக்கம் இருக்கு. நம்ம கணக்க வேற எந்தெந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்து வச்சிருக்காங்கன்னு அதுல தெரியும். அதப் பாருங்கன்னேன். திருடிக்குத்தான் திருட்டு வழி தெரியும்னு சொல்லிட்டாங்க. இப்ப தொறந்து காட்டினாலும் நான்தான் வச்சேன்னு சொல்வாங்க. எனக்கு இன்னொரு வேல கெடைக்கும். அம்மாவ அந்தக் கட்டிலோட எங்க தூக்கிட்டுப் போறது?"

நம்பர் அக்கா கறுப்பு விரலால் ஒரு விரிப்பின் ஓரத்தைப் புரட்டினார்.

"பத்தாம் வார்டு விரிப்பு ஏழாம் வார்டுல கெடந்தா நாம என்ன பண்றோம்? ஆளாளுக்குச் சத்தியம் பண்ணச் சொல்றோமா? நம்பரப் பாக்கறோம். எங்கேருந்து கெளம்புச்சுன்னு அதுவே சொல்லிடும். பேச்சுக்கும் நம்பர் போட்டு அனுப்புவோம். எந்தப் போன்லேருந்து கெளம்பி எந்த வாய்ல போய் வெளிய வருதுன்னு பாத்துடலாம்."

சனிக்கிழமை பாய்லர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். சாமி 'கவசம்' போட்டவற்றில் மூன்று போன்களை எடுத்துக்கொண்டோம்: என்னுடையது, பாய்லர்காரருடையது, வேன் ஓட்டுநருடையது. பாய்லர்காரர் முதலில் பயந்தார். வரமாட்டாள் என்று சாமி சொன்ன தங்கை உண்மையாகவே வந்து இறங்கிவிட்டதால் கொஞ்சம் தெளிந்திருந்தார். மூன்று போனிலிருந்தும் நம்பர் அக்காவின் போனுக்கு ஆளுக்கொரு பொய் எழுதினோம். அக்காவின் போன் ஒரு நாளும் திரைக்குப் பின்னால் போனதில்லை.

நான் எழுதியது: 'வரும் வியாழன் எனக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. மனைவிக்குத் தெரியக் கூடாது.' என் முழங்கால்கள் இரண்டும் நலம். வேன் ஓட்டுநர் எழுதியது: 'வேலையை விட்டுவிட்டுக் கப்பலில் சமையல்காரனாகப் போகிறேன்.' அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. பாய்லர்காரர் எழுதியது: 'வீட்டுப் பின்புறம் தோண்டும்போது செம்புக் குடம் ஒன்று கிடைத்தது. வாய் மூடியிருக்கிறது.' அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. பின்புறம் தோண்டினால் இரண்டாவது மாடிக்காரரின் கூரைதான் கிடைக்கும்.

நான்காவதாக நம்பர் அக்கா ஒன்று சொன்னார். எழுதவில்லை, வாயால் சொன்னார். "இது பொய் இல்ல. நேத்து என் மாமியார் எனக்கு நன்றி சொன்னாங்க. இருபத்திரெண்டு வருஷத்துல மொத தடவ. ஞானக்கண்ணு இருந்தா அதுக்கு இதுதான் மொதல்ல தெரியணும்."

நான்கையும் ஒரு தாளில் நேரத்தோடு எழுதி, நால்வரும் கையெழுத்திட்டு, உறையிலிட்டு ஒட்டி, மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். நாளை சாமியின் கூடத்தில் நான் சொல்லும்போது பிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார்.

ஞாயிறு காலை அதே கூடம், ஏறக்குறைய அதே நாற்காலிகள். ரெண்டு பூட்டும் வந்து சுவரோரம் நின்றாள். அவள் பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள்.

பாய்லர்காரர் முதலில் போனார். சாமி பெட்டிக்குள் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

"மண்ணுக்குள்ள கெடந்த ஒன்னு வெளிய வந்திருக்கு. செம்பு. வாய் மூடியிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நீ தொறக்காத. ஆபத்து. அப்படியே தூக்கிட்டு வந்து என்கிட்ட குடு."

கூடம் சிலிர்த்தது. அடுத்து வேன் ஓட்டுநர். தண்ணீர் மேல் பயணம், கையில் கரண்டி என்றார் சாமி. இஸ்திரிக்காரர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டிப் பாத்தியா, பாத்தியா என்றார். அடுத்து நான்.

"இடது கால்ல கத்தி படப்போகுது. பொண்டாட்டிகிட்ட மறைக்கற. மறைக்காத."

நான்காவது வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. முறையாக வேலை செய்கிறவன் என்று எனக்குப் பெயர். என் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நம்பர் அக்கா மேடைக்குப் போனார்.

"முந்தா நாளு எங்க வீட்டுல ஒரு அதிசயம் நடந்துச்சு சாமி. என்னன்னு சொல்லுங்க."

"போனக் குடும்மா. கவசம் போட்டாத்தான் தெரியும்."

"வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். ஞானக்கண்ணுக்கு எதுக்குப் போனு?"

சாமி பெட்டிக்குள் பார்த்தார். பெட்டிக்குள் ஒன்றும் வரவில்லை போலும். உன் மீது நிழல் விழுந்திருக்கிறது, நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் காட்சி மறையும் என்றார். நான் மேற்பார்வையாளரிடம் உறையைப் பிரித்து உரக்கப் படிக்கும்படி சொன்னேன்.

அவர் நல்ல குரலில்தான் தொடங்கினார். 'கீழ்க்கண்டவற்றுள் முதல் மூன்றும் பொய். சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நாங்களே கற்பனையாக எழுதியவை' என்ற இடத்தில் குரல் இறங்கியது. முழங்காலையும் கரண்டியையும் தாண்டிச் செம்புக் குடத்துக்கு வந்தபோது படிப்பதை நிறுத்திவிட்டுப் பாய்லர்காரரைப் பார்த்தார்.

"நான் மூணாவது மாடிங்க," என்றார் பாய்லர்காரர். "பின்னாடி ஒரு சன்னல்தான் இருக்கு."

முதலில் தெருப்பக்கம் நின்ற யாரோ சிரித்தார்கள். சிரிப்பு படிக்கட்டில் ஏறி உள்ளே வந்தது. ஆனால் சாமி லேசுப்பட்ட ஆள் அல்லர். கையை உயர்த்தினார்.

"பொய்தான். எனக்குத் தெரியாதா? பொய்யா இருந்தாலும் நெனச்சது நீங்கதான. உங்க மனசுல இருந்ததப் படிச்சேன்."

கூட்டம் மறுபடியும் தலையாட்ட ஆயத்தமானது. கணினிப் பயிற்சிக்காரர் ஆட்டியே விட்டார்.

"சரி," என்றார் நம்பர் அக்கா. "அப்ப என் மனசையும் படிங்க. நானும் நெனச்சிக்கிட்டுத்தான் நிக்கறேன்."

சாமி படிக்கவில்லை. தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் ரெண்டு பூட்டு சுவரிலிருந்து நகர்ந்து மேற்பார்வையாளரிடம் வந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"நான் தொடல சார். உங்க போன நீங்களே தொறங்க. 'அமைப்புகள்'ங்கற பக்கத்துக்குள்ள போங்க. 'இணைச்ச கருவிகள்' இருக்கா? தட்டுங்க. என்ன போட்டிருக்கு?"

மேற்பார்வையாளர் படித்தார். "ஒரு கம்ப்யூட்டர். இப்போது செயல்பாட்டில்."

"உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா சார்?"

இல்லை என்று தலையசைத்தார். அதற்குள் கூடம் முழுவதும் தலைகள் குனிந்திருந்தன. பெரும்பாலான போன்களிலும் அதே கம்ப்யூட்டர், அதே 'இப்போது'. ஒன்றிரண்டு போன்களில் அதுவும் இல்லை. ஆறு இலக்கத்தைச் சொன்னவர்களின் கணக்கு மொத்தமாகவே கைமாறியிருந்தது. பல் மருத்துவர் எழுந்துபோய்த் திரையை இழுத்தார். உள்ளே சீடர், இரண்டு லேப்டாப், ஒரு தட்டு பிஸ்கட், புகைக்கு ஒரு மின்சார அடுப்பு. மேற்பார்வையாளர் சாமியின் மடியிலிருந்த மரப்பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். உள்ளே ஒரு டேப்லெட் கணினி. அதன் திரையில், எங்கள் கண்ணெதிரே, அப்போதுதான் ஒரு செய்தி வந்து விழுந்தது.

'முழங்கால் பொய்யா? அத என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு என்ன?'

என் மனைவி என் எண்ணுக்கு அனுப்பிய செய்தி. என் போன் பாக்கெட்டுக்குள் அதிர்ந்தபோதே ஞானப்பெட்டிக்கும் ஞானம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தவை வழக்கமானவை. கதவை மூடினார்கள், காவல் நிலையத்துக்குச் சொன்னார்கள், இரண்டு காவலர்கள் வந்து சாமியையும் சீடரையும் லேப்டாப்புகளையும் கொண்டுபோனார்கள். கணினிப் பயிற்சிக்காரர் தமக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் என்றார். ரெண்டு பூட்டு நாற்காலி மேல் ஏறி நின்று, அந்தக் கருவியை எப்படி வெளியேற்றுவது, அதன் பிறகு இரண்டாவது ரகசிய எண்ணை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வாரம் முன்பு அவளைத் துரத்தச் சொன்ன கூட்டம், விரலை வைத்துக்கொண்டு அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டது.

இஸ்திரிக்காரர் அவளிடம் வந்து நின்றார்.

"பேய் இல்லேன்னா என்னோடது எப்படிம்மா போச்சு?"

"அந்த ஆறு நம்பர நீங்க சொன்னீங்களேண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

அந்தக் கூடத்தில் ஒரு மாதமாகப் பேசப்பட்டவற்றுள் அறிவான வாக்கியம் அது ஒன்றுதான். அவருக்குப் பின்னால் நின்ற வங்கி மேலாளரின் மனைவி, பக்கத்து ஊரில் இன்னொருவர் இருக்கிறாராம், அவர் போனே கேட்பதில்லையாம் என்று யாரிடமோ முகவரி விசாரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நிர்வாகத்துக்குக் கடிதம் போயாக வேண்டும். மேற்பார்வையாளர் என்னை உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினார். "தவிர்க்க முடியாத காரணங்களால், மேற்படி ஊழியர் குறித்த முடிவு ஒத்திவைக்கப்படுகிறது..."

நம்பர் அக்கா வாசலில் நின்றிருந்தார். "யாரால தவிர்க்க முடியாமப் போச்சுன்னு எழுதுங்க. அப்புறம், ஒத்திவைக்கறீங்களா, ரத்து பண்றீங்களா?"

மேற்பார்வையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி சொன்னார். மேற்படி ஊழியர் மீது சொன்ன குற்றத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை; ஒரு மோசடிக்காரரின் பேச்சை விசாரிக்காமல் நம்பியது என் தவறு; அவர் வேலையிலும் அறையிலும் தொடர்கிறார். எழுதினேன். இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று ரெண்டு பூட்டிடம் கேட்டோம். மன்னிப்பு வேண்டாம், எல்லாப் பிரிவுகளுக்கும் நகல் போக வேண்டும், கடைசியில் நாலு வரி வேண்டும் என்றாள். அந்த நாலு வரி இவை:

'எந்தப் பேய்க்கும் நம் போனைத் திறக்கத் தெரியாது. அதைத் திறந்து கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். இதுவரை கிடைத்த மனிதர்கள் எல்லாரும் போனுக்குச் சொந்தக்காரர்களே. ஆறு இலக்க எண்ணைச் சாமி கேட்டாலும், பரிசு தருகிறவர் கேட்டாலும், இந்த நிர்வாகமே கேட்டாலும், சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் மூளையைக் கேளுங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.'

நிர்வாகத்தைப் பற்றிய இடத்தில் மேற்பார்வையாளர் சற்றுத் தயங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். மூன்றாக மடித்து, உறையிலிட்டு, ஓரத்தில் பசை தடவி அழுத்தி ஒட்டினேன். முகவரியை இரண்டு முறை சரிபார்த்து வேன் ஓட்டுநர் கையில் கொடுத்தேன். காலை பதினொன்று பத்துக்கு வண்டி கிளம்பியது.